தொலைந்துபோகும் நானோநொடிகள்: அறிவியல் மென்பொருளில் நேரமுத்திரைகளைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

2011 செப்டம்பரில், இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இயங்கிய ஓப்பரா ஆய்வுக்குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புறப்பட்டு, சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்குள்ளேயே பயணித்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்துக்கு ஏறக்குறைய 60 நானோநொடி முன்பே வந்து சேர்ந்துவிட்டன என்றது அது. ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டாரா என்று ஊரெல்லாம் பேச்சு. சில மாதங்களில் முக்கியக் காரணம் பிடிபட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை.

அந்தக் குழுவினர் நேரத்தை அளப்பதில் கில்லாடிகள். அவர்களுக்கே வன்பொருளில் சறுக்கியது. நாம் அதே தரவை வாங்கி, பைத்தானில் சாதாரண யுனிக்ஸ் நேரமாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள்) ஒரு ஃப்ளோட்டில் (பின்ன எண் வகை) போட்டிருந்தால், கேபிள்வரை விசாரணை போயிருக்கவே போயிருக்காது. அந்த 60 நானோநொடி சேமித்த கணத்திலேயே அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அந்தக் கணக்கு இரண்டாம் படியில் வருகிறது.

சென்சார், வானிலை, நிலநடுக்கம், வானியல் என்று எந்தத் தரவின் நேரமுத்திரையோடு, அதாவது அளவெடுத்த நேரத்தைக் குறிக்கும் பதிவோடு, மல்லுக்கட்டுபவருக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும்.

படி 1: நேரப் பத்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு கோப்பில் 1126259462 என்று ஓர் எண் இருக்கிறது. பத்து இலக்கம், பார்த்தால் யுனிக்ஸ் நேரம் போலத்தான் தெரிகிறது. அப்படியே மாற்றினால் 2005 செப்டம்பர் 9, 09:51:02 யுடிசி (உலகப் பொது நேரம்) என்று வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

உண்மையில் அது லைகோ கருவிகள் முதன்முதலில் ஈர்ப்பலையைப் பிடித்த கணம். நாள் 2015 செப்டம்பர் 14, நேரம் 09:50:45 யுடிசி. லைகோ பயன்படுத்துவது ஜிபிஎஸ் நொடிகள். அதன் பூஜ்யம் 1980 ஜனவரி 6, யுனிக்ஸின் பூஜ்யம் 1970 ஜனவரி 1. இடைவெளி 3,657 நாட்கள், அதாவது 31,59,64,800 நொடிகள். சரி, அதைக் கூட்டிவிட்டால் போதுமா? கூட்டிப் பாருங்கள், 09:51:02 என்று வரும். இன்னும் 17 நொடி மிச்சம். யுடிசியில் அவ்வப்போது கூடுதலாகச் செருகப்படும் லீப் நொடிகளை ஜிபிஎஸ் கடிகாரம் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், அன்றைய தேதியில் அது யுடிசியைவிட 17 நொடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அலை லைகோவின் லிவிங்ஸ்டன் கருவியிலிருந்து ஹான்ஃபோர்ட் கருவிக்குப் போக எடுத்துக்கொண்டதோ சுமார் 7 மில்லிநொடி. 17 நொடி பிழையை வைத்துக்கொண்டு அங்கே என்ன அறிவியல் செய்வது?

ஆகவே எந்த நேர எண்ணைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள்: பூஜ்யம் எங்கே? எந்தக் கடிகாரம்? ஓர் அலகு எவ்வளவு? மூன்றுக்கும் பதில் கோப்பிலேயே இல்லையென்றால் தரவு தந்தவரிடம் கேளுங்கள், ஊகிக்காதீர்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த முத்திரை இடைவெளியின் தொடக்கமா, நடுவா, முடிவா? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழையளவு என்பது காலை 8:30 மணியோடு முடியும் 24 மணி நேர மழை. அளவெடுத்த தேதியில்தான் அது பதிவாகும். 2015 டிசம்பர் 1 அன்று பகலும் இரவும் சென்னையைப் புரட்டிப்போட்ட மழை, பதிவேட்டில் பெரும்பாலும் டிசம்பர் 2-இன் மழையாக நிற்பது இதனால்தான். மறுபக்கம், ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவின் நாள் யுடிசி நள்ளிரவில் தொடங்குகிறது. நம் கணக்கில் அது காலை 5:30. இரண்டையும் தேதி பார்த்து அப்படியே ஒட்டவைத்து, "செயற்கைக்கோள் சரியாக அளக்கவில்லை" என்று முடிவுகட்டினால் தவறு செயற்கைக்கோளுடையது அல்ல.

படி 2: அடுத்த எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

ஃப்ளோட் எண்கள் தொடர்ச்சியானவை என்று நினைத்துக்கொள்கிறோம். அவை படிக்கட்டு மாதிரி. எண் பெரிதாகப் பெரிதாகப் படியின் உயரமும் கூடும்.

64 பிட் ஃப்ளோட்டில் மதிப்புக்குக் கிடைப்பது 53 பிட். இன்றைய யுனிக்ஸ் நேரம் 170 கோடி நொடியைத் தாண்டிவிட்டது. முழு எண் பகுதிக்கே 31 பிட் போய்விடும், பின்னத்துக்கு மிச்சம் 22. இரண்டின் 22-ஆம் அடுக்கு 41,94,304. ஒரு நொடியை அத்தனை துண்டாக்கினால் ஒரு துண்டு சுமார் 238 நானோநொடி. இதுதான் அந்தப் படியின் உயரம். 60 நானோநொடி இடைவெளியுள்ள இரண்டு கணங்கள் பெரும்பாலும் ஒரே எண்ணில் விழும். இல்லையென்றால் 238 நானோநொடி தள்ளி இருப்பதாகக் காட்டும். இரண்டுமே பொய்.

இதே கணக்கை மற்ற வடிவங்களுக்கும் போட்டால் (முதல் மூன்றும் நொடிக்குப் பதில் நாட்களை எண்ணுபவை), ஒரு படி தோராயமாக:

ஜூலியன் நாள் (இன்று 24.6 லட்சம்): 40 மைக்ரோநொடி
மேட்லாபின் பழைய டேட்நம் (7.39 லட்சம்): 10 மைக்ரோநொடி
திருத்திய ஜூலியன் நாள் (60 ஆயிரம்): 0.63 மைக்ரோநொடி
32 பிட் ஃப்ளோட்டில் யுனிக்ஸ் நொடி: 128 நொடி

கடைசி வரி அச்சுப் பிழை அல்ல. இரண்டு நிமிடத்துக்கும் மேல்! நினைவகத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாப் பத்திகளையும் 32 பிட்டுக்கு மாற்றும் பழக்கம் இயந்திரக் கற்றல் பக்கமிருந்து வருபவர்களுக்கு உண்டு. வரைபடத்தில் புள்ளிகள் கொத்துக் கொத்தாக, செங்குத்துக் கோடுகளாகத் தெரிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

உங்கள் தரவுக்கு நீங்களே கணக்கிட பைத்தானின் நம்பை நூலகத்தில் ஸ்பேசிங் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. ஓர் எண்ணைக் கொடுத்தால் அடுத்த எண்ணுக்கான தூரத்தைச் சொல்லும். உங்களுக்குத் தேவைப்படும் துல்லியத்தைவிட அது பத்து மடங்காவது சிறியதாக இல்லையென்றால் அந்த வடிவம் வேண்டாம். பத்து என்பது என் கைக்கணக்குதான்.

படி 3: முழு எண்ணாக வை, கழித்த பிறகு மாற்று

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போரின்போது சவுதி அரேபியாவின் தாரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அமைப்பின் உள் கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்கை முழு எண்ணாக எண்ணிக்கொண்டிருந்தது. அதில் எந்தத் தவறும் இல்லை. அதை நொடியாக்க 0.1-ஆல் பெருக்கிய இடத்தில்தான் கோளாறு. 0.1 இரும எண்ணில் முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் வெட்டிச் சேமித்ததால் துளியளவு குறைந்தது. நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அந்தத் துளி 0.34 நொடியாகப் பெருகியிருந்தது. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

எண்ணிக்கை சரி, மாற்றம் தவறு. இன்றைக்கும் ஆய்வக மென்பொருளில் நடப்பது இதுவேதான். நான் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

சேமிப்பது முழு எண்ணாக. 64 பிட் முழு எண்ணில் 1970-இலிருந்து நானோநொடிகள் என்பது வசதியான தேர்வு. பைத்தானின் பாண்டாஸ் நூலகம் பல காலம் இதை மட்டுமே வைத்திருந்தது. எல்லை 1677 செப்டம்பர் முதல் 2262 ஏப்ரல் வரை. சென்சார் தரவுக்கு இது தாராளம். பழங்காலக் காலநிலை மாதிரிக்கும், கலிலியோ பார்த்த கிரகணத்துக்கும் போதாது. பாண்டாஸ் 2.0-இலிருந்து நொடி, மில்லிநொடி, மைக்ரோநொடி அலகுகளும் உண்டு; நீண்ட கால வரலாற்றுக்கு நொடி அலகே போதும்.

நேர வேறுபாடு வேண்டுமென்றால் முதலில் முழு எண்ணாகவே கழியுங்கள். கிடைக்கும் சிறிய எண்ணை அப்புறம் ஃப்ளோட்டாக்குங்கள். சிறிய எண்ணில் படிக்கட்டின் உயரம் கண்ணுக்கே தெரியாது. முதலில் ஃப்ளோட்டாக்கிவிட்டுக் கழித்தால், தொலைந்தது தொலைந்ததுதான்.

சீரான மாதிரியெடுப்பில் ஒவ்வொரு சுற்றிலும் 0.01 கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தொடக்க நேரத்தோடு, எத்தனையாவது மாதிரி என்ற எண்ணை விகிதத்தால் வகுத்துக் கூட்டுங்கள். பிழை அப்போது சேர்ந்துகொண்டே போகாது.

நானோநொடிக்கும் கீழே, அதுவும் பல நூற்றாண்டுக்கு வேண்டுமென்றால், ஒரே எண்ணில் அடக்கப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஆஸ்ட்ரோபை நூலகத்தின் டைம் வகுப்பு, ஜூலியன் நாளை இரண்டு 64 பிட் ஃப்ளோட்டுகளாக வைத்திருக்கிறது. லைகோ மென்பொருளில் நொடி ஒரு முழு எண், நானோநொடி இன்னொரு முழு எண். துடிவிண்மீன்களின் துடிப்புகளை அளப்பவர்களுக்குத் திருத்திய ஜூலியன் நாளில் நானோநொடிவரை எழுத ஏறக்குறைய 19 இலக்கம் தேவை. 64 பிட் ஃப்ளோட் 15, 16 இலக்கத்தோடு நின்றுவிடும். அந்தத் துறைக் கோப்புகளைத் திறக்கும்போது நேரப் பத்தியை எழுத்துச் சரமாகவே படியுங்கள். சிஎஸ்வி படிக்கும் ஃபங்ஷன் தானாகவே எண்ணாக்கிவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

முழு எண் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே ஏமாறும் இடங்கள் இரண்டு உண்டு. 19 இலக்க நானோநொடிப் பத்தியில் ஒரே ஒரு மதிப்பு விடுபட்டிருந்தால், சிஎஸ்வி படிக்கும்போது பாண்டாஸ் முழுப் பத்தியையும் சத்தமில்லாமல் ஃப்ளோட்டாக மாற்றிவிடும். அந்த அளவில் படி 256 நானோநொடி. விடுபட்ட மதிப்பை ஏற்கும் முழு எண் வகையை வெளிப்படையாகக் குறிப்பிட்டால் தப்பிக்கலாம். இரண்டாவது இடம் ஜேசான், நிரல்களுக்கிடையே தரவை அனுப்பும் எழுத்து வடிவம். ஜாவாஸ்கிரிப்ட் எல்லா எண்ணையும் 64 பிட் ஃப்ளோட்டாகவே படிக்கும். சரியாகத் தாங்குவது 16 இலக்கம் வரை, அதுவும் 9,007,199,254,740,992 வரைதான். நானோநொடியை மேற்கோள் குறிக்குள் சரமாக அனுப்புங்கள்.

படி 4: எந்தக் கடிகாரம்?

அணுக் கடிகாரங்களின் சீரான ஓட்டம் டிஏஐ. பூமியின் சுழற்சியோடு ஒட்டிப்போக அவ்வப்போது ஒரு நொடி செருகப்படுவது யுடிசி. 1972-இல் இந்த முறை தொடங்கியபோதே இரண்டுக்கும் 10 நொடி வித்தியாசம் இருந்தது. அதற்குப் பிறகு 27 லீப் நொடிகள் சேர்ந்தன. கடைசியாகச் சேர்ந்தது 2016 டிசம்பர் 31 முடிவில். 2017 முதல் வித்தியாசம் 37 நொடி. ஜிபிஎஸ் எப்போதுமே டிஏஐக்கு 19 நொடி பின்னால் ஓடும், அதனால் யுடிசியைவிட 18 நொடி முன்னால். வானியலாளர்கள் பயன்படுத்தும் டிடி என்ற நேர அளவு, டிஏஐயைவிட 32.184 நொடி முன்னால்.

யுனிக்ஸ் நேரமும் பைத்தானின் டேட்டைமும் நம்பையும் லீப் நொடி என்ற ஒன்று இல்லாததுபோலவே நடந்துகொள்ளும். 2016 டிசம்பர் 31 தொடங்கி 2017 ஜனவரி 1 தொடங்கும்வரை எத்தனை நொடி என்று கேட்டால் 86,400 என்பார்கள். உண்மையில் 86,401. அன்றைக்கு 23:59:60 என்று ஒரு நொடி இருந்தது. அதை டேட்டைமிடம் கொடுத்தால் பிழை என்று திருப்பி அனுப்பும்.

இதற்காக எல்லோரும் டிஏஐக்கு மாற வேண்டியதில்லை. மணிக்கு ஒருமுறை மண்ணின் ஈரப்பதம் அளப்பவருக்கு ஒரு நொடி என்ன செய்துவிடும்? நொடிக்குக் கீழே துல்லியம் வேண்டி, ஆண்டுக்கணக்கில் இடைவெளியும் அளக்க வேண்டியவர்கள் மட்டும் ஜிபிஎஸ் அல்லது டிஏஐயில் கணக்குப் போட்டு, மனிதருக்குக் காட்டும்போது மட்டும் யுடிசிக்கு மாற்றுங்கள். மாற்றத்துக்கு 18 என்று கையால் எழுதாதீர்கள். லீப் நொடி அட்டவணை வைத்திருக்கும் நூலகத்திடம் விடுங்கள். 2015 தரவுக்கு அது 17 என்பதை மேலே பார்த்தோமே. 2035-க்குள் லீப் நொடி முறையைக் கைவிட 2022-இல் எடைகள் மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்துவிட்டது. பழைய தரவில் இருப்பவை அதனால் மறையப் போவதில்லை.

இன்னொரு சிக்கல், லீப் நொடி நாளில் கூகுள் போன்ற சில சேவைகள் அந்த ஒரு நொடியை 24 மணி நேரத்துக்குப் பரப்பித் தடவிவிடுகின்றன. ஒரு கணினி அந்த சர்வரிடமும் இன்னொன்று வழக்கமான சர்வரிடமும் நேரம் கேட்டால், அன்று இரண்டும் அரை நொடிவரை முரண்படும். ஆய்வகத்தில் எல்லாக் கணினிக்கும் ஒரே நேர மூலம் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.

கால அளவை அளக்க, அதாவது ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்க, சுவர்க் கடிகாரம் கூடவே கூடாது. நெட்வொர்க் நேரத் திருத்தம் அதைப் பின்னுக்கும் இழுக்கும். பைத்தானில் மோனோடோனிக், பெர்ஃப் கவுண்ட்டர் ஆகியவை இதற்கென்றே இருப்பவை.

படி 5: சரமாக எழுதுவதும் உள்ளூர் நேரமும்

கோப்பில் எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, கூடவே யுடிசியிலிருந்து விலகல்: 2024-03-15 14:30:00.250+05:30. விலகல் இல்லாத சரத்தைத் தரவு என்றே நான் கணக்கில் வைப்பதில்லை. 03/04/2024 என்பது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஐஎஸ்டி என்ற சுருக்கமும் வேண்டாம். நமக்கு இந்திய நேரம், இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் வேறு வேறு. +05:30 என்று எண்ணாகவே எழுதுங்கள்.

"எங்கள் ஊரில் கோடைக்கால நேர மாற்றமே கிடையாது, எப்போதும் ஐந்தரைதான்" என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 1996 மே மாதம் அங்கே கடிகாரம் +06:30-க்கு நகர்ந்தது, அதே ஆண்டு அக்டோபரில் +06:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் +05:30-க்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டின் கொழும்புத் தரவில் ஐந்தரை மணியைக் கழித்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை பிசகும். ஆசியா/கொழும்பு என்ற டைம்சோன் பெயரைக் கொடுத்தால் நூலகம் இந்த வரலாற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது +06:30 நடைமுறையில் இருந்தது.

பின்ன நொடிகளில் கவனம் வேண்டும். பைத்தான் டேட்டைம் மைக்ரோநொடியோடு நின்றுவிடும். ஒன்பது இலக்கப் பின்னம் கொண்ட சரத்தை, 3.11 முதலான பதிப்புகளில் ஐஎஸ்ஓ வடிவம் படிக்கும் ஃபங்ஷனிடம் கொடுத்தால், கடைசி மூன்று இலக்கத்தை எச்சரிக்கையே இல்லாமல் வெட்டிவிடும். எழுதும்போது இன்னொரு விபத்து: 59.9996 நொடியை மூன்று தசமத்துக்கு முழுமையாக்கினால் 60.000 என்று அச்சாகும், நிமிடம் ஏறாது. முதலில் முழுமையாக்கி, அதன் பிறகே மணி, நிமிடம், நொடியாகப் பிரிக்க வேண்டும்.

படி 6: பிறர் தந்த கோப்புகள்

இலக்கம் எண்ணுவது முதல் வேலை. இக்கால யுனிக்ஸ் நேரம் 10 இலக்கமென்றால் நொடி, 13 என்றால் மில்லி, 16 மைக்ரோ, 19 நானோ. பாண்டாஸில் அலகு சொல்லாமல் 1700000000-ஐ மாற்றினால் அதை நானோநொடி என்று எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 1.7 நொடி என்று தரும். தரவு முழுவதும் 1970-இல் குவிந்திருந்தால் காரணம் இதுதான்.

எக்செல் நாட்களை எண்ணுகிறது. அதன் 1900 முறையில், இல்லாத 1900 பிப்ரவரி 29-க்கும் ஓர் எண் உண்டு. பழைய மேக் கோப்புகள் 1904 முறையில் இருக்கலாம்; கலந்தால் 1,462 நாட்கள் தள்ளிப்போகும்.

காலநிலைத் தரவின் நெட்சிடிஎஃப் கோப்புகளில் அலகு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும், "1900-01-01 முதல் மணிகள்" என்பதுபோல. அதோடு நாட்காட்டி என்ற பண்பையும் பாருங்கள். சில மாதிரிகளில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360. அங்கே பிப்ரவரி 30 முறையான தேதி. சாதாரண டேட்டைமுக்கு மாற்ற முயன்றால் தேதிகள் விழுந்துவிடும். சிஎஃப்டைம் நூலகத்தோடு வேலை செய்யுங்கள்.

வானியல் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பில் டைம்சிஸ் என்ற சொல் கடிகாரத்தையும், எம்ஜேடி-ரெஃப் என்பது பூஜ்யத்தையும் சொல்லும். எம்ஜேடி-ரெஃப் சில சமயம் முழு எண், பின்னம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஏன் என்று இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

படி 7: சோதித்துப் பார்த்தல்

என்னிடம் ஒருமுறை இரண்டு வெப்பநிலை லாகர்களின் கோப்புகள் வந்தன. இரண்டையும் சேர்த்து வரைந்தால் தினமும் இரண்டு உச்சம்: ஒன்று பிற்பகல் இரண்டரைக்கு, இன்னொன்று காலை ஒன்பது மணிக்கு. அரை நாள் மூளையைக் கசக்கியபின் புரிந்தது, ஒன்று யுடிசியில் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து வெளிப்புறச் சென்சார் எதுவானாலும் முதலில் சூரியனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஒளியளவு மாலை ஐந்தரைக்கு உச்சம் தொட்டால் எங்கோ +05:30 இரண்டு முறை கூட்டப்பட்டிருக்கிறது.

நிரலுக்கான சோதனையில் தவறாமல் சேர்க்க வேண்டிய நேரங்கள்: 1969-இல் ஏதாவது ஒரு கணம் (எதிர்மறை எண் வருகிறதா?), 2000 பிப்ரவரி 29, 2016 டிசம்பர் 31 23:59:60, 2038 ஜனவரி 19 03:14:08 (32 பிட் முழு எண் கவிழும் நொடி), பின்னம் 0.999999999 உள்ள ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதி, திரும்பப் படித்து, முழு எண்ணாக ஒப்பிடுங்கள். இலக்கம் இலக்கமாகப் பொருந்த வேண்டும். ஃப்ளோட்டைச் சரமாக்கித்தான் ஆக வேண்டுமென்றால் 17 இலக்கம் கொடுங்கள். சி மொழி மரபின் பொது வடிவம் வெறும் ஆறு இலக்கம் அச்சிடும்; யுனிக்ஸ் நொடியில் அது பத்தாயிரம் நொடி, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரப் படி.

கடைசியாக, ஒன்பது தசம இலக்கம் இருப்பதாலேயே கடிகாரம் நானோநொடிக்குச் சரி என்றாகிவிடாது. இணையம் வழியாக நேரம் ஒத்திசைக்கும் கணினி சில மில்லிநொடி, சில சமயம் பல பத்து மில்லிநொடி விலகியிருக்கும். உள் நெட்வொர்க்கில் பிடிபி எனும் நேர ஒத்திசைவு நெறிமுறையும் அதற்கேற்ற வன்பொருளும் இருந்தால் மைக்ரோநொடிக்குக் கீழே வரலாம். வடிவத்தின் துல்லியம் வேறு, கடிகாரத்தின் நம்பகம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். என் கோப்புகளோடு வைக்கும் விளக்கக் குறிப்பில் நேரப் பத்திக்கு எழுதுவது இவ்வளவுதான்:

"நேரம்: 64 பிட் முழு எண், நானோநொடி. பூஜ்யம் 1970-01-01 00:00:00 யுடிசி, லீப் நொடிகள் கணக்கில் இல்லை. முத்திரை இடைவெளியின் தொடக்கத்தைக் குறிக்கிறது. கடிகாரம் நெட்வொர்க் வழி ஒத்திசைவு, எதிர்பார்க்கும் பிழை 20 மில்லிநொடிக்குள். விடுபட்ட நேரங்கள் காலியாக விடப்பட்டுள்ளன, பூஜ்யமாக அல்ல."